ராப் பாட்டில் யார் பெரியவர்? அமெரிக்காவில் 50 ஆண்டாகத் தீராத வழக்கு

எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்று விடிய விடிய வாதம் செய்த தலைமுறை ஒன்று உண்டு. மாதுங்காவிலும் தாராவியிலும் டீக்கடை பெஞ்சுகள் அதற்குச் சாட்சி. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இப்போது வேறு ஒரு வாதத்தில் இறங்கி இருக்கிறார்கள். டூபாக்கா, பிக்கியா? ஜே-ஸியா, நாஸா? டிரேக்கா, கெண்ட்ரிக் லமாரா?

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. "இது பாட்டா, பேச்சா? இதில் யார் பெரியவன் என்று எதை வைத்துச் சொல்வது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு அமெரிக்காவிலேயே இன்னும் விடை கிடைத்தபாடில்லை. இந்த வழக்கு நடந்துவந்த பாதையில் இரண்டு வாலிபர்களின் உயிர் போயிருக்கிறது. கோடிக்கணக்கான டாலர்கள் கைமாறி இருக்கின்றன. ஒருவரது நோட்டுப் புத்தகம் பறிபோயிருக்கிறது. அந்த நோட்டுப் புத்தகத்தின் கதை தெரியாமல் இந்த வழக்கு புரியாது.

ராப் என்பது தாளத்தின் மேல் சொல்லை வேகமாக அடுக்கிச் சொல்லும் பாட்டு. ராகம் குறைவு, சொல்லே பிரதானம். ஹிப்-ஹாப் என்பது அதைவிடப் பெரிய குடும்பம். ராப், இசைத்தட்டுகளைச் சுழற்றும் டி.ஜே., தரையில் உருண்டு சுழன்று ஆடும் ஆட்டம், சுவரில் வர்ணம் அடித்து எழுதும் எழுத்து எல்லாம் சேர்ந்ததுதான் ஹிப்-ஹாப்.

பிழைக்க வந்தவர் வீட்டு விருந்து

இந்தக் குடும்பத்துக்குப் பிறந்த நாள் கூட உண்டு. 11-8-1973. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டிடம். ஜமைக்கா தீவில் இருந்து பிழைப்புத் தேடி வந்த கேம்ப்பெல் குடும்பம் அங்கே குடியிருந்தது. அந்த வீட்டுப் பெண் சிண்டிக்குப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுத் துணி வாங்க வேண்டும். கையில் காசு இல்லை. கட்டிடத்தின் பொது அறையில் நடன விருந்து வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். சகோதரர் கிளைவ் இசைத்தட்டுகளைப் போட்டார். அவருக்கு அப்போது வயது 18. 'கூல் ஹெர்க்' என்ற பட்டப்பெயரால்தான் பின்னாளில் உலகம் அவரை அறிந்தது.

பாட்டின் நடுவே குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடம் வந்ததும் கூட்டம் துள்ளி ஆடுவதை ஹெர்க் கவனித்திருந்தார். அந்த இடம் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் போட்டு அந்த இடத்தையே நீட்டினார். அவருடைய நண்பர் கோக் லா ராக் மைக்கைப் பிடித்து, வந்திருந்த தோழர்களின் பெயரைச் சொல்லி வாழ்த்தினார். அந்த வாழ்த்துதான் வளர்ந்து ராப் ஆயிற்று.

ஆரம்பம் முதலே இது போட்டிக் கலை. தெருவுக்குத் தெரு ஒரு குழு. யார் குழுவில் கூட்டம் அதிகம் என்பதே பேச்சு. தஞ்சாவூர்ப் பக்கத்தார் லாவணி கேட்டிருப்பார்கள். மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து, டேப் தட்டிக்கொண்டு, எதிராளி விட்ட இடத்தில் பிடித்து மடக்குவார்கள். தஞ்சையை ஆண்ட மராட்டியர்களோடு வந்த கலை அது. அந்த ரசம் தெரிந்தவர்களுக்கு ராப் போட்டி புரிவதில் கஷ்டம் இருக்காது.

நோட்டுப் புத்தகம் போன கதை

1979-ஆம் ஆண்டு. நியூயார்க்கை அடுத்த நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு பீட்சா கடை. ஹாங்க் என்பவர் அங்கே வேலை பார்த்தார். வேலை நேரத்தில் கேசட்டைப் போட்டு, அதோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருப்பார். கேசட்டில் இருந்த குரல் அவருடையது அல்ல. பிராங்க்ஸில் பேர் வாங்கிய கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற வாலிபரின் குரல். காஸின் நிகழ்ச்சிகளை ஹாங்க்தான் கவனித்துவந்தார்.

அந்த நேரத்தில் சில்வியா ராபின்சன் என்ற பெண்மணி ராப் இசைத்தட்டு வெளியிட ஆள் தேடிக்கொண்டிருந்தார். பீட்சா கடையில் இருந்தவரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார். பிடித்துப்போயிற்று. ஹாங்க் நேரே காஸிடம் போனார். நமக்கு ஒரு சான்ஸ் வந்திருக்கிறது, வரிகள் வேண்டும் என்றார். காஸ் தன் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவருக்கு வாய்த்தால் நாளை நமக்கும் ஒரு வழி பிறக்கும் என்ற நம்பிக்கை.

'ராப்பர்ஸ் டிலைட்' என்ற அந்த இசைத்தட்டு சக்கைபோடு போட்டது. 14 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. அமெரிக்காவின் முதல் 40 பாட்டு வரிசையில் ஏறிய முதல் ராப் அதுதான். ராப் என்று ஒன்று இருப்பதே உலகத்துக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. அதில் ஒரு கூத்து. காஸின் பழைய பட்டப்பெயர் 'கேசனோவா'. வரிகளை அப்படியே எடுத்த ஹாங்க், அந்தப் பெயரையும் எழுத்து எழுத்தாக உச்சரித்துத் தன் பெயர்போலப் பாடிவைத்தார். திருடிய சட்டையில் உரியவரின் பெயர் தைத்திருந்த கதைதான்.

பாட்டின் தாளம் 'ஷிக்' என்ற குழுவின் பாட்டில் இருந்து எடுக்கப்பட்டது. அந்தக் குழுவினர் உரிமை கேட்டார்கள்; கிடைத்தது. இன்றைக்கும் பாட்டு எழுதியவர்கள் என்று அவர்கள் பெயர் இருக்கிறது. நோட்டுப் புத்தகம் கொடுத்த காஸுக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை. நியூயார்க்கில் ஹிப்-ஹாப் பிறந்த இடங்களைச் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் வழிகாட்டியாகவும் அவர் பல ஆண்டுகள் பணியாற்றினார். 2014-இல் ஹாங்க் காலமானார்.

'எழுதியது யார்?' என்ற கேள்வி ராப் உலகில் இன்றுவரை நெருப்பாக இருப்பதற்கு இந்தக் கதை ஒரு முக்கியக் காரணம்.

மார்க் போட்ட வாத்தியார்

1981 டிசம்பர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 'ஹார்லெம் வேர்ல்டு' என்ற நடன அரங்கம். கிறிஸ்துமசை ஒட்டி ஒரு போட்டி. பிஸி பீ என்பவர் அப்போது கூட்டத்தின் செல்லப்பிள்ளை. கையைத் தூக்கு என்றால் கூட்டம் தூக்கும். கத்து என்றால் கத்தும். அன்றைக்கும் அதையே செய்தார். தன்னை வெல்ல ஆளில்லை என்று சவாலும் விட்டார்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கூல் மோ டீ மைக்கைப் பிடித்தார். கூட்டத்தைப் பார்த்துப் பேசாமல் நேரே பிஸி பீயைப் பார்த்துத் தொடுத்தார். போகிற இடமெல்லாம் ஒரே சரக்கு என்றார். அந்த வரிகளாவது சொந்தமா, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். வேகமும் பொருளும் சேர்ந்து வந்த அந்த அடியில் அரங்கம் ஆடிப்போயிற்று. யாரோ அதை டேப்பில் பதிவு செய்தார்கள். பிரதிக்குப் பிரதி எடுத்து அந்தக் கேசட் நகரமெல்லாம் சுற்றியது.

அன்றுதான் அளவுகோல் மாறியது. அதுவரை கூட்டத்தை ஆடவைப்பவர் பெரியவர். அதன் பிறகு சொல்லில் வல்லவர் பெரியவர்.

கூல் மோ டீக்கு அதோடு ஆசை தீரவில்லை. 1987-இல் தமது இசைத்தட்டின் உறைக்குள் ஒரு மார்க் அட்டையையே அச்சடித்து வைத்தார்! சொல்வளம், உச்சரிப்பு, புதுமை, குரல், மேடைக் கட்டு என்று பாடவாரியாகச் சக கலைஞர்களுக்கு மார்க். தமக்கும் போட்டுக்கொண்டார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அட்டைப்படமும் வம்புதான். எல்.எல். கூல் ஜே என்ற போட்டியாளர் எப்போதும் அணியும் சிவப்புத் தொப்பியைப் போன்ற ஒன்று, ஜீப் சக்கரத்தின் கீழ் நசுங்கிக் கிடந்தது. 2003-இல் 50 பேரைத் தரவரிசைப்படுத்திப் புத்தகமும் எழுதினார். முதலிடம் மெல்லி மெல் என்ற மூத்தவருக்கு. அந்த வரிசையிலும் தம்மை அவர் மறக்கவில்லை.

சத்தம் போடாமல் ஜெயித்தவர்

அந்த 1987-இல்தான் 'பெய்ட் இன் ஃபுல்' என்ற இசைத்தட்டு வந்தது. டி.ஜே. எரிக் பி. பாடியவர் ரக்கீம், வயது 19. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் வையண்டாஞ்ச் என்ற ஊர்க்காரர். பள்ளி நாளில் சாக்ஸபோன் வாசித்தவர். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் வாசிப்பில் ஊறியவர்.

அதற்கு முன் ராப் பாடியவர்கள் பெரும்பாலும் உரக்கக் கத்திப் பாடினார்கள். வரியின் கடைசிச் சொல்லில் இயைபு வந்து விழும். அடுத்த வரியிலும் அதே இடத்தில் விழும். ரயில் தண்டவாளச் சத்தம் போல, எங்கே தட்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ரக்கீம் தணிந்த குரலில், அவசரம் இல்லாமல் பேசினார். ஒலிப்பதிவு நடந்தபோது, இன்னும் கொஞ்சம் உற்சாகம் காட்டக்கூடாதா என்று சொல்லிப் பார்த்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இயைபை வரியின் கடைசியில் மட்டும் வைக்காமல் நடுவிலும் வைத்தார். ஒரு வரியில் தொடங்கிய வாக்கியத்தைத் தாளம் முடிந்த பிறகும் விடாமல் அடுத்த வரிக்குள் இழுத்துக்கொண்டு போனார். சாக்ஸபோன் வாசிப்பவர் மூச்சைப் பிடித்து ஒரு சங்கதியை நீட்டுவது போன்ற வேலை. செய்யுளில் அடி எதுகையோடு நின்றவர்களுக்கு நடுவே, அடிக்குள்ளேயே எதுகையும் மோனையும் கொஞ்ச எழுதுகிற ஒருவர் வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

பின்னால் வந்த நாஸ், ஜே-ஸி, எமினெம் எல்லாரும் ரக்கீம் போட்ட பாதையில் நடந்தவர்கள்தான். எமினெம் டெட்ராய்ட் நகரில் வளர்ந்த வெள்ளைக்காரர். 'ஆரஞ்சு' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இயைபே கிடையாது என்பார்கள். 2010-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அந்தச் சொல்லை இழுத்து வளைத்து, வேறு பல சொற்களோடு பொருத்திக் காட்டினார். துண்டுக் காகிதங்களில் கிறுக்கிச் சேர்த்துவைத்த வரிகளைப் பெட்டியோடு எடுத்துக் கொட்டினார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கதவைத் திறந்துவைத்தவர் ரக்கீம்.

தொழில் நுணுக்கம் ஒன்றையே பார்ப்பதானால் முதல் இடம் அவருக்குத்தான். பிறகு ஏன் வாதம்? மனிதன் நுணுக்கத்தை மட்டுமா பார்க்கிறான்?

24 வயதும் 25 வயதும்

டூபாக் ஷக்கூர் பிறந்தது 16-6-1971. தாய் அஃபேனி, கறுப்பர் உரிமைக்காகப் போராடிய 'பிளாக் பேந்தர்' கட்சியைச் சேர்ந்தவர். சதி வழக்கில் கைதாகி, வக்கீல் வைக்காமல் தாமே வாதாடி விடுதலை ஆனவர். விடுதலையான அடுத்த மாதமே டூபாக் பிறந்தார். அந்தத் தாயைப் பற்றி அவர் 1995-இல் பாடிய பாட்டை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பின்னாளில் தேசிய ஒலிப்பதிவுக் களஞ்சியத்தில் சேர்த்துக்கொண்டது. சொல் விளையாட்டில் டூபாக் முதல்வர் அல்ல. ஆனால் அவர் பேசினால் நம்பத் தோன்றும். அந்த வரம் வேறு யாருக்கும் அந்த அளவுக்கு வாய்க்கவில்லை.

பிக்கி என்கிற கிறிஸ்டோபர் வாலஸ் நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர். தாய் ஜமைக்காவில் இருந்து வந்த பள்ளி ஆசிரியை. பருத்த உடம்பு, கனத்த குரல். கதை சொல்வதில் மன்னன். நாளடைவில் காகிதத்தையே விட்டுவிட்டார். மனத்துக்குள்ளேயே முழுப் பாட்டையும் கட்டி முடித்துவிட்டு மைக் முன் நிற்பார்.

இருவரும் முதலில் நண்பர்கள். 1994 நவம்பரில் நியூயார்க்கில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றின் வாசலில் டூபாக் சுடப்பட்டார். பிழைத்துக்கொண்டார். பிக்கியின் ஆட்களுக்கு இது முன்பே தெரியும் என்று சந்தேகப்பட்டார். பிக்கி தரப்பு மறுத்தது. கிழக்குக் கரை, மேற்குக் கரை என்று நாடே இரண்டு கட்சியானது. பத்திரிகைகள் எண்ணெய் ஊற்றின. இசைத்தட்டுகள் விற்றன. 7-9-1996 அன்று லாஸ் வேகாஸ் நகரில் காரில் போய்க்கொண்டிருந்த டூபாக் சுடப்பட்டு, ஆறாம் நாள் இறந்தார். வயது 25. ஆறு மாதம் கழித்து 9-3-1997 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பிக்கியும் அதே போலக் காரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 24. அவருடைய இரண்டாவது தொகுப்பு வெளிவந்தபோது அவர் இறந்து 16 நாள் ஆகியிருந்தது.

டூபாக் கொலையில் 2023-இல்தான் ஒருவர் கைதானார். பிக்கி கொலையில் கால் நூற்றாண்டு கடந்தும் எவர் மீதும் வழக்கு இல்லை. உயிரோடு இருந்தால் இந்த இருவரும் எங்கே போயிருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அதனாலேயே பட்டியலில் அவர்கள் இடத்தை அசைக்க முடியவில்லை. செத்தவரோடு யார் போட்டி போட முடியும்?

அம்மா சொன்னார், மன்னிப்புக் கேட்டார்

அடுத்து காலியான சிம்மாசனத்துக்கு நியூயார்க்கிலேயே இருவர் மோதினார்கள். ஒருவர் ஜே-ஸி. இன்னொருவர் நாஸ். 2001-இல் ஜே-ஸி முதலில் தாக்கினார். டிசம்பரில் நாஸ் திருப்பி அடித்தார். அடி பலமாக விழுந்துவிட்டது. ஆத்திரத்தில் ஜே-ஸி நாஸின் குடும்ப வாழ்க்கையை இழுத்து ஒரு பாட்டு விட்டார். நேயர்களிடம் வாக்குக் கேட்டது நியூயார்க் வானொலி நிலையம் ஒன்று. நாஸ் ஜெயித்தார். ஜே-ஸியின் தாயார் மகனைக் கூப்பிட்டு, நீ எல்லை மீறிவிட்டாய் என்று கண்டித்தார். மகன் வானொலியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

துப்பாக்கி எடுக்கப்படவில்லை. 2005 அக்டோபரில் ஜே-ஸி தமது கச்சேரி மேடைக்கு நாஸை அழைத்துக் கைகுலுக்கினார். அடுத்த ஆண்டே, ஜே-ஸி தலைவராக இருந்த கம்பெனியிலேயே நாஸ் ஒப்பந்தம் செய்துகொண்டார். டூபாக், பிக்கி கதைக்குப் பிறகு இந்த முடிவுக்கு மதிப்பு அதிகம்.

பட்டியலில் யார்?

2023-இல் ஹிப்-ஹாப்புக்கு 50 வயது ஆனபோது 'பில்போர்டு', 'வைப்' பத்திரிகைகள் சேர்ந்து 50 பேர் பட்டியல் வெளியிட்டன. முதலிடம் ஜே-ஸி. அடுத்து கெண்ட்ரிக் லமார், நாஸ், டூபாக், எமினெம், பிக்கி, லில் வெய்ன், டிரேக், ஸ்னூப் டாக், நிக்கி மினாஜ். படைப்பு, செல்வாக்கு, நிலைத்து நின்ற காலம், வரிகள், சொல்லும் ஓட்டம் ஆகியவற்றைப் பார்த்தோம் என்றார்கள். உடனே சண்டை. முதல் பத்தில் ரக்கீம் இல்லை. அரிசிக் கடையில் தராசைச் செய்தவனுக்கு அரிசி இல்லை என்ற மாதிரி.

பத்தில் பெண் ஒருவர்தான் என்பதும் யோசிக்க வேண்டியது. லாரின் ஹில் 1998-இல் தனியாக ஒரே ஒரு தொகுப்புப் போட்டார். பாடவும் தெரியும், ராப்பும் தெரியும், இரண்டிலும் சுத்தம். 1999-இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது. ஹிப்-ஹாப்புக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. அதிலும் எழுதியது யார் என்ற வழக்கு உண்டு. கூட வேலை செய்த இசைக்கலைஞர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2001-இல் சமரசம் ஆயிற்று. ஆண்கள் பத்துத் தொகுப்புப் போட்டால் நிலைத்து நின்றார் என்று மார்க் கிடைக்கிறது. குழந்தை குட்டியோடு ஒதுங்கிய பெண்ணுக்கு அந்தக் கட்டத்தில் பூஜ்யம். அளவுகோலை யார் வெட்டினார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

மீண்டும் அதே கேள்வி

2015-இல் கனடாக்காரர் டிரேக் புகழின் உச்சியில் இருந்தார். அவருக்கு வேறு ஒருவர் வரி எழுதிக் கொடுக்கிறார் என்று மீக் மில் என்ற சக கலைஞர் குண்டு போட்டார். சினிமாவில் பாட்டு எழுதுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்பது நமக்குப் பழக்கம். டி.எம்.எஸ். ஏன் எழுதவில்லை என்று யாரும் கேட்பதில்லை. ராப்பில் அது செல்லாது. 'என் கதை' என்று மார்தட்டிச் சொல்பவர், இன்னொருவர் எழுதியதைச் சொன்னால் மானம் போகும். மேற்குக் கரையின் பெரிய இசையமைப்பாளர் டாக்டர் ட்ரேக்கு 1999-இல் ஜே-ஸி பாட்டு எழுதிக் கொடுத்தது எல்லாருக்கும் தெரியும். ட்ரேயைப் பெரிய இசையமைப்பாளர் என்று கொண்டாடுகிறவர்கள், பெரிய ராப்பர் யார் என்ற வாதத்தில் அவர் பெயரை எடுப்பதில்லை. டிரேக்கின் வியாபாரம் மட்டும் அந்தப் புகாரால் குறையவில்லை. ஆனால் கறை ஒட்டிக்கொண்டது.

2023 அக்டோபரில் ஜே. கோல் என்பவர், டிரேக்கோடு பாடிய பாட்டில், இந்தக் காலத்தின் பெரியவர்கள் மூவர் என்று தங்கள் இருவரோடு கெண்ட்ரிக் லமாரையும் சேர்த்துச் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். 2024 மார்ச்சில் கெண்ட்ரிக் பதில் கொடுத்தார். மூவரெல்லாம் கிடையாது, நான் ஒருவன்தான் என்பது அதன் சாரம். ஜே. கோல் ஒரு பதில் பாட்டு விட்டு, இரண்டே நாளில் மேடையில் வருத்தம் தெரிவித்து, பாட்டையும் திரும்பப் பெற்றார். கோழை என்று சிரித்தார்கள். 1996-ஐ நினைத்துப் பார்த்தால் அப்படிச் சிரிக்கத் தோன்றவில்லை.

டிரேக்கும் கெண்ட்ரிக்கும் மாறி மாறித் தாக்கினார்கள். சில பதில்கள் மணிக்கணக்கில் வந்தன. மே 4-ஆம் தேதி வெளியான 'நாட் லைக் அஸ்' ஊரெல்லாம் ஒலித்தது. 2025 பிப்ரவரியில் ஐந்து கிராமி விருதுகளை வாங்கியது. அதே மாதம் 9-ஆம் தேதி, அமெரிக்காவின் மாபெரும் கால்பந்து ஆட்டமான சூப்பர் பௌல் இடைவேளையில் கெண்ட்ரிக் அதைப் பாடினார். பார்த்தவர்கள் 13 கோடிக்கு மேல். அவதூறு என்று டிரேக் வழக்குப் போட்டார். அதுவும் கெண்ட்ரிக் மீது அல்ல, இருவர் பாட்டையும் விற்கும் கம்பெனி மீது. 2025 அக்டோபரில் நியூயார்க் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. இப்படிப்பட்ட சொற்போரில் வரும் ஏச்சை யாரும் நிரூபித்த உண்மைச் செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது தீர்ப்பின் போக்கு. லாவணிக்காரர்கள் கேட்டால் தலையாட்டுவார்கள்.

கெண்ட்ரிக் 2018-இல் புலிட்சர் பரிசு வாங்கியவர். சாஸ்திரிய இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்த இசைப் பரிசை வாங்கிய முதல் ஆள். எழுத்து, குரல், துணிச்சல் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பது அபூர்வம். இன்றைக்கு இருப்பவர்களில் அவரே முதல்வர் என்பதில் பெரிய மறுப்பு வராது. எல்லாக் காலத்துக்கும் என்று கேட்டால் ரக்கீம் பெயரைச் சொல்லிவிட்டு, டூபாக் ரசிகர்களிடம் அடி வாங்கத் தயாராக வேண்டும்.

அரக்கோணத்துப் பையனின் அட்டைப்படம்

தாராவிப் பிள்ளைகளுக்கு இந்த வாதத்தில் என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். தாராவிச் சந்துகளில் இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் ராப் எழுதுகிறார்கள். 2018-இல் வந்த ரஜினியின் 'காலா' படத்தில் தாராவிக் குழுவான டோப்பாடெலிக்ஸின் குரலும் வரிகளும் இருக்கின்றன. மும்பைக் குப்பத்து ராப் பையன் ஒருவனைப் பற்றிய 'கல்லி பாய்' இந்திப் படம் 2019-இல் வந்தபோது, அதன் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவராக நியூயார்க் நாஸின் பெயர் இருந்தது.

எழுதியது யார் என்ற கேள்வியும் தமிழுக்கு வந்துவிட்டது. 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டு உலகத் தமிழரையெல்லாம் ஆட்டிவைத்தது. அரக்கோணத்துக்காரரான அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் கதையை வைத்து எழுதிய பாட்டு. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசைப் பத்திரிகையின் அட்டையில், பாட்டோடு சம்பந்தப்பட்ட பாடகி இருந்தார், அறிவு இல்லை. டைரக்டர் பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். பல பேர் சேர்ந்துகொண்டார்கள். பிறகு அந்தப் பத்திரிகை அறிவின் படத்தோடு தனியாக இன்னொரு அட்டை வெளியிட்டது.

கேட்டுப் பார்க்க விரும்பும் பெரியவர்கள் மகனிடமோ பேரனிடமோ சொல்லி, ரக்கீமின் 1987 தொகுப்பில் தொடங்கலாம். ஆங்கிலம் புரியாவிட்டாலும் இயைபு விழும் இடத்தைக் காது பிடித்துக்கொள்ளும். அடுத்து நாஸ் 20 வயதில் போட்ட 1994-ஆம் ஆண்டு 'இல்மேட்டிக்'. அதில் ஓரிடத்தில் அவருடைய அப்பா ஊதும் கார்னெட் கேட்கும். மொத்தமே 40 நிமிடம். தாதரில் ஏறினால் கல்யாண் வருவதற்குள் முடிந்துவிடும்.